கடனையும் அடைத்தார், கதவையும் அடைத்தார்

மில்பிடாஸில் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு பர்னெட் என்ற பேர் புதுசு இல்லை. நம்ம ஊர்த் தொடக்கப்பள்ளி ஒன்றுக்கு அந்தப் பேர்தான். அதனால் முதலிலேயே சொல்லிடறேன்: அது வில்லியம் பர்னெட். நான் எழுதப்போவது பீட்டர் பர்னெட்டைப் பற்றி. இவர் பேரிலும் பக்கத்து சான் ஹொசேயில் ஒரு நடுநிலைப்பள்ளி இருந்தது. 2019-ல் அந்தப் பேரை எடுத்துவிட்டு முவெக்மா ஓலோனி நடுநிலைப்பள்ளி என்று மாற்றினார்கள். முவெக்மா ஓலோனி என்பது இந்த வளைகுடாப் பகுதியின் பூர்வகுடி மக்களின் பேர்.

ஏன் மாற்றினார்கள் என்று நாலாம் வகுப்பு படிக்கும் என் மகள் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. நான் எம்.எஸ். படிக்க வந்தவன், அமெரிக்கச் சரித்திரத்தில் லிங்கனைத் தாண்டி அதிகம் போனதில்லை. என் மனைவி ஃப்ரீமான்ட்டில் வளர்ந்தவள். நாலாம் வகுப்பில் சர்க்கரைக் கட்டியால் மிஷன் மாடல் கட்டின தலைமுறை. "கோல்டு ரஷ் எல்லாம் படிச்சோம், இந்தப் பேரைக் கேட்டதா ஞாபகமே இல்லை" என்றாள். இங்கேயே படித்த உங்களில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும். அதனால் உட்கார்ந்து படித்தேன்.

கடனும் 640 ஏக்கரும்

பீட்டர் பர்னெட் 1807-ல் டென்னசி மாநிலம் நாஷ்வில்லில் பிறந்தவர், மிசௌரியில் வளர்ந்தவர். கடை வைத்தார், நஷ்டம் வந்தது. தானாகவே சட்டம் படித்து வக்கீல் ஆனார். அப்போதும் தலைக்கு மேல் கடன். மனைவி ஹாரியட்டுக்கு உடம்பு சரியில்லை. அந்தச் சமயத்தில் ஓரிகனில் போய்க் குடியேறுகிறவர்களுக்கு ஆளுக்கு 640 ஏக்கர், பிள்ளைக்கு 160 ஏக்கர் கொடுக்கலாம் என்று வாஷிங்டனில் ஒரு மசோதா பேச்சில் இருந்தது. இவருக்கு ஆறு பிள்ளைகள். கணக்குப் போட்டுப் பார்த்தார். கடன் கொடுத்தவர்களிடம் சொல்லிவிட்டு, 1843-ல் கிட்டத்தட்ட 1,000 பேர் போன வண்டிக் கூட்டத்தோடு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். சுமார் 2,000 மைல் பயணம்.

இதுவரை படித்தபோது எனக்கு அவரைப் பிடித்துத்தான் இருந்தது. கடன், குடும்பம், தெரியாத ஊர், அங்கே போனால் எல்லாம் சரியாயிடும் என்ற கணக்கு. எஜுகேஷன் லோனோடு விமானம் ஏறின யாருக்கும் இந்த ஆளைப் புரியும்.

கடைசியில் கடனையும் அடைத்தார். 1848-ல் கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்த செய்தி வந்ததும் ஓரிகனிலிருந்து ஒரு வண்டிக் கூட்டத்தை நடத்திக்கொண்டு இங்கே வந்தார். தங்கம் தோண்டியதை விட, சாக்ரமென்டோ என்ற புது ஊரில் மனை விற்றதில் அவருக்கு அதிகம் கிடைத்தது. அந்தப் பணத்தில் மிசௌரிக் கடனைப் பாக்கி இல்லாமல் தீர்த்தார். கொடுத்த வாக்கை இவ்வளவு தூரம் வந்தும் காப்பாற்றினார் என்பதை மறைக்கக் கூடாது.

வந்த மறுவருஷமே போட்ட சட்டம்

ஓரிகனுக்கு இவர் போய்ச் சேர்ந்தது 1843 கடைசியில். 1844-ல் அங்கே இருந்த தற்காலிக அரசின் சட்டமன்றத்தில் உறுப்பினர் ஆகிவிட்டார். அந்த ஜூன் மாதம் அவர் முன்னின்று ஒரு சட்டம் கொண்டுவந்தார். ஓரிகனில் அடிமை முறை கூடாது என்றது அது. இத்தோடு நிறுத்தியிருந்தால் அவருக்குச் சிலையே வைக்கலாம். ஆனால் அதே சட்டம், கருப்பினத்தவர் யாரும், சுதந்திரமானவரானாலும், ஓரிகனில் இருக்கக் கூடாது என்றது. ஆண்கள் 2 வருஷத்தில், பெண்கள் 3 வருஷத்தில் வெளியேறணும். போகாவிட்டால் சாட்டையடி. 20-க்குக் குறையாமல், 39-க்கு மிகாமல். அப்புறமும் போகாவிட்டால் 6 மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும் அடி.

சாட்டையடி கொஞ்சம் அதிகம் என்று அந்த வருஷக் கடைசியிலேயே அதைக் கட்டாய வேலை என்று மாற்றினார்கள். 1845-ல், அமலுக்கு வருவதற்கு முன்னாலேயே சட்டம் ரத்தானது. ஒருத்தரும் அடிபடவில்லை. அப்படியானால் பெரிய பாதிப்பு இல்லைதானே என்று தோன்றும்.

இந்த இடத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் புஷ் என்ற கருப்பின விவசாயியைத் தெரிந்துகொள்ளணும். அவரும் மிசௌரிக்காரர்தான். அவரும் குடும்பத்தோடு அதே வண்டிப் பாதையில் 1844-ல் ஓரிகன் வந்தார். கையில் பணம் இருந்தவர், கூட வந்த குடும்பங்களுக்கு உதவி செய்தவர். வந்து இறங்கும்போது இந்தச் சட்டம் காத்திருந்தது. தெற்கே நல்ல விளைநிலம் இருக்க, சட்டத்தின் கை எட்டாத வடக்குப் பக்கம் போனார். கூட வந்த வெள்ளைக்காரக் குடும்பங்களும் அவரை விடாமல் கூடவே போயின. இன்றைய வாஷிங்டன் மாநிலத்தில் ஒலிம்பியாவுக்குப் பக்கத்தில் டம்வாட்டர் என்று ஒரு ஊர் இருக்கிறதே, அது அப்படி உருவானதுதான். புதுசாக வருகிறவர்களுக்குத் தானியம் கொடுத்தே பேர் வாங்கினார் புஷ். 1889-ல் வாஷிங்டன் தனி மாநிலமானபோது, அதன் முதல் சட்டமன்றத்தில் அவருடைய மகன் வில்லியம் ஓவன் புஷ் உறுப்பினராக உட்கார்ந்தார்.

ஒரு சட்டம் அமலுக்கே வராமல்கூட ஒரு குடும்பத்தின் வழியைத் திருப்பிவிடும். விசாவுக்காகக் காத்திருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சான் ஹொசேயில் கவர்னர்

ஓரிகனில் உச்ச நீதிபதியாகவும் இருந்துவிட்டுத்தான் பர்னெட் கலிஃபோர்னியா வந்தார். 1849 நவம்பரில் நடந்த தேர்தலில் ஜெயித்து முதல் கவர்னர் ஆனார். அப்போது தலைநகரம் சான் ஹொசே. சட்டமன்றம் கூடினது டவுன்டவுனில் இன்றைக்கு சீசர் சாவேஸ் ப்ளாசா இருக்கும் இடத்துக்கு எதிரே. கிறிஸ்துமஸ் விளக்குகள் பார்க்க வருஷா வருஷம் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறோமே, அதே இடம். அவர் அல்விசோவில் வீடு கட்டிக் குடும்பத்தோடு குடியிருந்தார். 237-ல் ஆபீஸ் போகிற வழியில் நாம் தாண்டிப் போகிற அதே அல்விசோ.

கவர்னராகச் சட்டமன்றத்துக்கு அனுப்பின முதல் செய்தியிலேயே, சுதந்திரமான கருப்பினத்தவர் இந்த மாநிலத்துக்குள் வரத் தடை வேணும் என்று கேட்டார். அவருடைய வாதம் சுருக்கமாக இது: அவர்களுக்கு நாம் சம உரிமை தரப்போவதில்லை. உரிமை இல்லாமல் இங்கே இருந்தால் அவர்களுக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம். ஆகவே வராமல் தடுப்பதுதான் எல்லாருக்கும் நல்லது. உரிமை கொடுத்துவிட்டால் பிரச்னையே தீருமே என்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை. சட்டமன்றம் அந்தத் தடையை நிறைவேற்றவில்லை.

ஆனால் வேறு இரண்டு சட்டங்கள் 1850 ஏப்ரலில் அவர் கையெழுத்தோடு வந்தன. ஒன்று, வெளிநாட்டுக்காரர் தங்கம் தோண்டினால் மாதம் 20 டாலர் வரி. மெக்சிகோ, சிலி, சீனாவிலிருந்து வந்தவர்களைச் சுரங்கத்திலிருந்து விரட்டப் போதுமான தொகை அது. இன்னொன்று, பூர்வகுடிகளை "ஆள்வதும் பாதுகாப்பதும்" என்று பேர் வைத்த சட்டம். பேரில்தான் பாதுகாப்பு. வேலையில்லாமல் சுற்றுகிறார் என்று சொல்லி ஒரு பூர்வகுடி ஆளைப் பிடித்து ஏலத்தில் வேலைக்கு விடலாம். அவர்களின் பிள்ளைகளைக் குடியேறிகள் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். பூர்வகுடி ஒருவரின் சாட்சியத்தை வைத்து எந்த வெள்ளைக்காரரையும் தண்டிக்க முடியாது.

1851 ஜனவரியில் பர்னெட் தன் கடைசி ஆண்டுச் செய்தியில், பூர்வகுடி இனம் அடியோடு அழியும் வரை இந்த யுத்தம் நடக்கத்தான் செய்யும் என்ற அர்த்தத்தில் எழுதினார். வருத்தத்தோடு எழுதினதாகத்தான் சொல்லிக்கொண்டார். அடுத்த சில நாளில் பதவியை ராஜினாமா செய்தார். அவர் போன பிறகும் அவர் சொன்னது நடந்தது. 1848-ல் சுமார் 1,50,000 ஆக இருந்த கலிஃபோர்னியாப் பூர்வகுடிகள் 1870-ல் சுமார் 30,000 பேர்தான். 2019-ல் கவர்னர் நியூசம் மாநிலத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அந்த ஆணையிலேயே பர்னெட்டின் பேரும் பேச்சும் இருக்கிறது.

நீதிபதி நாற்காலியில்

என் மகளுக்கு இதையெல்லாம் முழுசாகச் சொல்லவில்லை. ஒன்பது வயசுக்கு எவ்வளவு சொல்வது என்பது நம்ம எல்லாருக்கும் இருக்கிற குழப்பம்தான். அவளுக்கு நான் விவரமாகச் சொன்னது ஆர்ச்சி லீ வழக்கு. என்னைக் கேட்டால் பிள்ளைகளுக்குச் சொல்ல இதுதான் சரியான கதை. ஏனென்றால் இதில் ஜெயித்ததும் இருக்கு.

1857-ல் மிசிசிப்பியிலிருந்து ஸ்டோவால் என்ற இளைஞர், ஆர்ச்சி லீ என்ற கருப்பினப் பையனைத் தன் அடிமை என்று சொல்லி சாக்ரமென்டோ கூட்டி வந்தார். கலிஃபோர்னியாவில் அடிமை முறை கிடையாது என்று 1849-லேயே அரசியல் சாசனத்தில் எழுதியாச்சு. வழிப்போக்கராக வருகிறவருக்கு மட்டும் ஏதோ சலுகை உண்டு என்று சிலர் வாதம். ஆனால் ஸ்டோவால் பள்ளிக்கூடம் திறந்து நடத்தினார், ஆர்ச்சியைக் கூலிக்கு அனுப்பினார். ஊருக்குத் திரும்பலாம் என்றதும் ஆர்ச்சி ஓடி ஒளிந்தார். உள்ளூர்க் கருப்பின மக்கள் காசு சேர்த்து வக்கீல் வைத்தார்கள். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் போனது. அங்கே நீதிபதி நம்ம பர்னெட். 1857-லிருந்து அந்தப் பதவியில் இருந்தார்.

1858 பிப்ரவரியில் அவர் எழுதின தீர்ப்பு இரண்டு பாகம். முதல் பாகம் சுத்தமான சட்டம்: ஸ்டோவால் வழிப்போக்கர் அல்ல, ஆகவே அவருக்கு இங்கே அடிமை வைத்திருக்கும் உரிமை கிடையாது. இரண்டாம் பாகம்: ஆனாலும் இவர் சின்ன வயசு, உடம்பு சரியில்லாதவர், சட்டம் தெரியாமல் வந்துட்டார், இதுதான் முதல் வழக்கு. அதனால் இந்த ஒரு தடவை ஆர்ச்சியை அவரிடமே ஒப்படைத்துவிடலாம்.

சட்டத்தை வடக்குக்குக் கொடுத்தார், ஆளைத் தெற்குக்குக் கொடுத்தார் என்று அந்தக் காலத்திலேயே கேலி செய்தார்கள்.

என் மகள் கேட்டது ஒன்றுதான். "அப்பா, அந்த ஜட்ஜுக்கு ரூல் தெரியுது. அவரே எழுதியிருக்கார். அப்புறம் ஏன் குடுத்தார்?"

என் வேலையில் இதைப் பார்த்திருக்கிறேன். எல்லாருக்கும் ஒரே விதி என்று கோட் எழுதுவோம். பெரிய கஸ்டமர் ஒருத்தர் வந்து கேட்டால், அவருக்கு மட்டும் என்று நடுவில் ஒரு கண்டிஷன் சேரும். யாருக்காக அந்த வரி சேர்கிறது என்று பார்த்தாலே, அங்கே யார் முக்கியம் என்று தெரிந்துவிடும். பர்னெட் மனசு இல்லாதவர் இல்லை. ஸ்டோவாலின் உடம்பு, வயசு, அறியாமை எல்லாம் அவர் கண்ணில் பட்டது. கடனும் வியாதியும் என்னவென்று தெரிந்த ஆள். அதே அறையில் அதைவிடச் சின்னவனாக நின்ற ஆர்ச்சிதான் கண்ணில் படவில்லை. அவளிடம் இவ்வளவு சொல்லவில்லை. "அவருக்கு ஒருத்தர் கஷ்டம் மட்டும்தான் தெரிஞ்சுது" என்றேன். "அது ரொம்ப அன்ஃபேர்" என்றாள். ஆமாம்.

மிச்சக் கதையைக் கேட்டதும் அவள் முகம் மாறியது. ஸ்டோவால் ஆர்ச்சியை சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கப்பலேற்றப் பார்த்தார். அங்கிருந்த கருப்பின மக்கள் துறைமுகத்தில் கண்விழித்துக் காவல் இருந்தார்கள், போலீஸ் படகை மறித்து ஆர்ச்சியை மீட்டது. மறுபடி வழக்கு, மறுபடி கைது, மறுபடி வழக்கு. லிங்கனின் நண்பர் எட்வர்ட் பேக்கர் ஆர்ச்சிக்காக வாதாடினார். கடைசியில் ஏப்ரலில் மத்திய அரசின் கமிஷனர் ஒருவர், ஆர்ச்சி வேறு மாநிலத்திலிருந்து தப்பி ஓடி வந்தவர் இல்லை, கலிஃபோர்னியாவுக்குள்தான் ஓடினார், ஆகவே தப்பியோடிய அடிமைகள் சட்டம் அவருக்குப் பொருந்தாது என்று விடுதலை செய்தார். சட்டம் முதலிலும் அதேதான். இந்தத் தடவை "ஆனாலும்" இல்லை, அவ்வளவுதான்.

அந்த வருஷமே நூற்றுக்கணக்கான கருப்பினக் குடும்பங்கள் கலிஃபோர்னியா வேண்டாம் என்று கனடாப் பக்கம் விக்டோரியாவுக்குக் கப்பலேறின. ஆர்ச்சியும் போனார். அவர்களோடு போனவர் மிஃப்லின் கிப்ஸ், சான் பிரான்சிஸ்கோவில் பூட்ஸ் கடை வைத்திருந்தவர். விக்டோரியாவில் நகரசபை உறுப்பினரானார். பின்னால் அமெரிக்கா திரும்பி, 1873-ல் அர்கான்சாஸ் மாநிலம் லிட்டில் ராக்கில் நீதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நகர நீதிபதியாகத் தேர்தலில் ஜெயித்த முதல் கருப்பின அமெரிக்கர் அவர்தான்.

நம்ம வீட்டுப் பேச்சு

"இந்தியால இப்படி இருந்துதா?" என்று அடுத்த கேள்வி வந்தது. இதற்கு மழுப்பக் கூடாது என்று நினைத்தேன். எங்க அப்பா வழி மதுரைப் பக்கம். அங்கே மீனாட்சி அம்மன் கோவிலுக்குள் தலித் மக்களும் நாடார்களும் போக முடியாமல் இருந்தது. 1939 ஜூலை 8-ஆம் தேதி வைத்தியநாத ஐயர் அவர்களை உள்ளே கூட்டிப் போனார். அதைச் செல்லும்படி ஆக்க ராஜாஜி அரசு சட்டம் கொண்டுவந்தது. அன்றைக்கு உள்ளே போனவர்களில் ஒருவர் கக்கன். பின்னால் தமிழ்நாட்டின் உள்துறை அமைச்சர் ஆனார். கதவு சாத்துவதும் நம்ம ஊரில் உண்டு, திறப்பதும் உண்டு. இரண்டையும் சொன்னேன்.

கலிஃபோர்னியாவிலேயே நமக்கும் கதவு சாத்தியிருந்தது. 1913 நிலச் சட்டம், குடியுரிமை பெற முடியாத ஆசியர்கள் நிலம் வாங்கக் கூடாது என்றது. தலிப் சிங் சௌந்த் 1920-ல் பெர்க்லியில் படிக்க வந்து, கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு, இம்பீரியல் பள்ளத்தாக்கில் விவசாயம் பார்த்தார். 1949-ல்தான் குடியுரிமை. 1950-ல் நீதிபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள், குடிமகனாகி ஒரு வருஷம் ஆகவில்லை என்று பதவி மறுத்தார்கள். 1952-ல் மறுபடி நின்று ஜெயித்தார். 1956-ல் காங்கிரஸுக்கே போனார். நாம் இன்றைக்கு மில்பிடாஸில் கையெழுத்துப் போட்டு வீடு வாங்குகிறோம் என்றால், இவர் மாதிரி ஆட்கள் நின்று திறந்த வழி அது.

பர்னெட்டைப் படித்தபோது எனக்கு உறைத்தது அவர் கொடூரம் மட்டும் இல்லை. அவர் பேச்சு எவ்வளவு பழக்கமான பேச்சு என்பதுதான். நான் அவங்களுக்கு விரோதி இல்லை, புது ஊருக்குப் பிரச்னை வேண்டாம்னுதான் சொல்றேன். ஏற்கெனவே இருக்கறவங்க நிம்மதியா இருக்கட்டும். இதை நம்ம வாட்ஸாப் குழுக்களில் கேட்டிருக்கிறோம். பக்கத்துக் காலி மனையில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அபார்ட்மென்ட் வரப்போகிறது என்று செய்தி வந்தால், ஸ்கூல் ரேட்டிங் என்னாகும் என்று ஒரு மெசேஜ். வேறு வழியாக எல்லை தாண்டி வந்தவர்களைப் பற்றி, நாங்க வரிசைல நின்னு வந்தோம் என்று இன்னொன்று. ட்ராஃபிக், பார்க்கிங் கவலை நியாயம்தான், அதைப் பேசலாம். ஆனால் பேசும்போது பின் சீட்டில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது. அப்பா அம்மாவுக்கு யார் கஷ்டம் கண்ணில் படுது, யாருடையது படவில்லை என்று அதற்குத் தெரியும்.

பர்னெட் பிறகு சான் பிரான்சிஸ்கோவில் வங்கித் தலைவராக இருந்தார், சுயசரிதை எழுதினார், சீனர்கள் வருவதைத் தடுக்கவும் ஆதரவு தெரிவித்தார். 1895-ல் காலமானார். சாண்டா க்ளாராவில் மிஷன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். நம்ம ஊரிலிருந்து அரை மணி நேரம்கூட ஆகாது.

கலிஃபோர்னியாச் சரித்திரம் படிக்கிற பிள்ளை உங்க வீட்டிலும் இருந்தால், ஒரு சனிக்கிழமை சீசர் சாவேஸ் ப்ளாசாவுக்குக் கூட்டிப் போங்க. முதல் சட்டமன்றம் இதுக்கு எதிரேதான் கூடிச்சு என்று காட்டுங்க. சியாட்டில் பக்கம் இருக்கிறவங்க டம்வாட்டர் போய் புஷ் குடும்பத்தின் கதையைச் சொல்லுங்க. ஆர்ச்சி லீயின் தீர்ப்பைச் சொல்லிவிட்டு, "நீ ஜட்ஜா இருந்தா என்ன எழுதியிருப்பே?" என்று கேளுங்க. பதில் சொல்ல அவங்களுக்கு அதிக நேரம் ஆகாது. அப்புறம் அவங்க நம்மைக் கேட்பாங்க. அதற்குத்தான் நாம் கொஞ்சம் தயாராகணும்.